முட்டை ரூம் மோகினி

பேய்க்கு மீசை இருக்கலாமா கூடாதா என்பதில்தான் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது.

"மோகினிக்கு எங்காச்சும் மீசை இருக்குமா மாப்ள? எடுத்துரு. ஊடு போறதுக்குள்ள மொளைச்சுரும்" என்றான் நண்பன்.

"மீசையில கை வெச்சா எங்கம்மா என்னைய நெசமாலுமே பேயாக்கிப் போடும். பொண்ணு ஊட்டுக்காரங்க வர்ற அன்னிக்கு மழமழன்னு நின்னா, காய்ச்சல்ல கெடந்து எந்திரிச்சவனாட்ட இருக்குமாம்."

நண்பன் ஜலகண்டாபுரத்துக்காரன். கல்யாண வீடியோ எடுக்கிறவன். எங்கள் வட்டாரத்தில் அவன் படம் பிடிக்காத தாலி கிடையாது. என்னுடைய கல்யாணத்தையும் அவனே எடுப்பதாக எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தான். அதற்குள் அவன் மூன்று கேமரா மாற்றிவிட்டான். நான் அதே மாப்பிள்ளையாக அப்படியே இருந்தேன்.

சண்டையின் மூலம் ஒரு பாட்டு. எனக்கு ஒரு பாடகியின் மேல் பள்ளிக்கூடத்துப் பையனைப் போலப் பித்து. முட்டை பொறுக்கும்போது காதில் அவள் குரல்தான். அவளுடைய புதுப் பாட்டு ஒன்று வந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்று கூப்பிடுவது போன்ற பாட்டு. அவளுடைய ரசிகர் பக்கத்தில், பழைய பேய்ப் படங்களின் பாணியில் இந்தப் பாட்டுக்கு நீங்களே காட்சி எடுத்து அனுப்புங்கள், நல்லதை எல்லோரும் பார்க்கப் போடுகிறோம் என்று அறிவித்திருந்தார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்கள் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். மழை கொட்டும், பங்களாவின் கதவு கிறீச்சிடும், வெள்ளைப் புடவை ஒன்று கையில் விளக்கோடு மாடிப்படி ஏறும். கதாநாயகன் போகக் கூடாத அறைக்குத்தான் போவான். பார்க்கிற நமக்குத் தெரிவது அவனுக்கு மட்டும் தெரியாது.

எங்களிடம் பங்களா இல்லை, கோழிப்பண்ணை இருந்தது. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையிலிருந்து மண் ரோட்டில் உள்ளே தள்ளி. முட்டையிட்டு ஓய்ந்த பழைய கோழிகளை லாரி ஏற்றி அனுப்பிவிட்டு, கூண்டுகளைக் கழுவி, ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தோம். மறுநாள் புதுக் கோழிகள் ஏறிவிடும். இடையில் கிடைத்த அந்த ஒருநாள் பண்ணை அப்படியொரு அமைதியாக இருந்தது. வரிசை வரிசையாகக் காலிக் கூண்டுகள், வெள்ளைத் தூண்கள். கோடையில் கோழிகளுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று மேலே பொருத்தியிருக்கும், தண்ணீரைப் புகையாகத் தூவும் ஃபாகரைத் திருப்பினால் பனிமூட்டம் தயார். பங்களாக்காரன் பார்த்தால் பொறாமைப்படுவான்.

பேய்க்குத்தான் ஆள் இல்லை. நண்பன் தன் மனைவியைக் கேட்டுப் பார்த்தான்.

"ஏனுங்க, என்னையப் பாத்தா பேயாட்ட இருக்குதுன்னு நேராவே சொல்ல வேண்டீதுதானே? அதுக்கொரு பாட்டு, அதுக்கொரு கேமராவா?" என்று அந்தம்மாள் திருப்பிக் கேட்டாள். ஆனால் நல்ல மனது. தன் வெள்ளைப் புடவையையும் சவுரி முடியையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். அப்படித்தான் நான் பேயானேன். மீசைக்கும் வழி கண்டுபிடித்தோம். முந்தானையை மூக்குவரை இழுத்துப் பிடித்துக்கொள்வது. வெட்கப்படுகிற மோகினி.

படப்பிடிப்பை அன்றைக்கு வைத்துக்கொண்டதில்தான் என் அறிவு வெளிப்பட்டது. பெண் வீட்டார் அன்றைக்குத்தான் எங்கள் வீடும் காடு தோட்டமும் பார்க்க வருவதாக இருந்தது. எங்கள் பக்கம் பெண் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டதால், தரகர் கிழக்கே ஆத்தூர்ப் பக்கம் போய் இந்த வரனைப் பிடித்து வந்திருந்தார். முப்பத்தைந்தைத் தாண்டிய எனக்கு இதுதான் கடைசி பஸ் என்று அம்மா முடிவே கட்டிவிட்டது. பெண்ணின் அப்பா போனில் அம்மாவிடம் சொன்னது இது:

"பொழுதோட வந்துடறோம்மா."

எங்கள் ஊரில் பொழுதோட என்றால் சாயங்காலம். வெயில் தாழ்ந்து, மாடு கட்டி, முகம் கழுவி உட்காருகிற நேரம். அதனால் மத்தியானம் முழுக்கப் பேயாக இருந்துவிட்டு, சாயங்காலம் மாப்பிள்ளையாகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவர்கள் ஊரில் பொழுதோட என்றால் வெளிச்சம் இருக்கும்போதே, நேரத்தோடு என்று அர்த்தமாம். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்துகொண்ட இடம் சரியில்லை.

உச்சி வெயிலில் படம் பிடித்தோம். "கலரை உருவிப்போட்டு இருட்டாக்கிட்டா ராத்திரி ஆயிரும், நீ வேர்க்காம மட்டும் நில்லு" என்றான் நண்பன். முகத்தில் அரை டப்பா பவுடர். தேங்காயெண்ணெயில் குங்குமம் குழைத்து வாயோரம் ரத்தம். புடவைக்குள் பனியனும் டிராயரும்தான். பேன்ட்டு சட்டையைக் கழற்றி அவன் பைக்கின் பெட்டியில் வைத்தாயிற்று. அவனுடைய கேமரா ஓமலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் என் செல்போனில்தான் எடுத்தான். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் துணி அவன் வண்டியில், என் போன் அவன் கையில்.

கடைசிக் காட்சிக்கு முட்டை ரூமைத் தேர்ந்தெடுத்தோம். முட்டைகளை அட்டையில் அடுக்கி லாரி வரும்வரை வைத்திருக்கிற அறை. இரும்புக் கதவு, தாழ்ப்பாள் வெளியில், உள்ளே மேலே ஒரு சின்ன ஜன்னல், மூலையில் மீந்துபோன தீவன மூட்டைகள். காட்சி இதுதான்: கதவு தானாக மூடும், உள்ளிருந்து மூன்று தட்டு, பிறகு கதவு திறந்தால் இரண்டு கைகளையும் நீட்டியபடி மோகினி. கதவு தானாக மூட மாட்டேன் என்றது. வெயிலில் இரும்பு முறுக்கிக்கொண்டு விலகி விலகி வந்தது. "இரு மாப்ள, தாழ்ப்பாளைப் போட்டுக்கறேன்" என்று வெளியிலிருந்து குரல் வந்தது. கடக். நான் மூன்று தட்டுத் தட்டினேன். கைகளை நீட்டினேன்.

அப்போது என் போன் அடித்தது. அவன் கையில்.

"ஆமாங்கம்மா... வந்துட்டாங்களா? அதுக்குள்ளயா?... இல்லீங்கம்மா, அவன் இங்க இல்லீங்க... போனை எங்கிட்ட உட்டுப்போட்டு சேலம் போயிருக்கானுங்க... தோ, தோ வாங்கியாறனுங்கம்மா..."

அப்புறம் கதவருகே வந்து, "மாப்ள, வாரேன்!" என்றான்.

வருகிறான், திறக்கப் போகிறான் என்று நான் கைகளை இன்னும் விறைப்பாக நீட்டினேன். விரல்களைக்கூட வளைத்தேன். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. சத்தம் தேய்ந்தது. நான் கை நீட்டியபடியே நின்றேன். எங்கள் ஊரில் கிளம்புகிற மனுசன் எவனும் போறேன் என்று சொல்ல மாட்டான்; வாரேன் என்றுதான் சொல்வான். பிறந்ததிலிருந்து ஆயிரம் முறை கேட்டது, அந்த ஒரு முறை மட்டும் எனக்கு நேர் அர்த்தத்தில் விளங்கிவிட்டது.

முதலில் சிரித்தேன். பிறகு கதவைத் தட்டினேன். பிறகு உதைத்தேன். வெறுங்காலில் இரும்பை உதைத்தவனுக்கு அடுத்த கொஞ்ச நேரம் வேறு யோசனை இருக்காது.

மேலே தகரம் காய்ந்தது. பவுடர் வியர்வையில் குழைந்து கண்ணுக்குள் இறங்கியது. சவுரி முடி கழுத்தைச் சுற்றிக்கொண்டது. தீவனத் தூசியும் பழைய முட்டை வாசமும் சேர்ந்து மூச்சை அடைத்தன. புடவையைக் கழற்றலாம் என்றால் மிஞ்சுவது டிராயர். பெண் வீட்டார் வந்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிகிறது. கடைசி பஸ் எங்கள் வாசலில் வந்து நிற்கிறது. பயணி முட்டை ரூமில் புடவையோடு இருக்கிறான்.

தீவன மூட்டையின் மேலேறி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலிக் கூண்டுகள் தெரிந்தன. ஒவ்வொரு கூண்டிலும் கோழி தலையை மட்டும் வெளியே நீட்டித் தின்னும்; திரும்பிப் படுக்க இடம் இருக்காது. எத்தனை வருஷம் அவற்றின் முன்னால் நடந்திருக்கிறேன்! பண்ணைக்கு ஒருநாள் லீவு விட முடியாது. எனக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முட்டை பொறுக்கியாக வேண்டும். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்காருவதற்குள், "உனக்கு எப்பச் சாமி?" என்று ஒருவர் கேட்டுவிடுவார், சாப்பிட்ட கையோடு பண்ணைக்கு ஓடிவந்து விடுவேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபோதுதான் கவனித்தேன், நானும் தலையை மட்டும்தான் நீட்ட முடிந்தது. கோழிகள் இருந்திருந்தால் சிரித்திருக்கும்.

அந்த நேரத்தில் ஆடு மேய்க்கிற அம்மாள் ஒருவர் ஷெட்டோரம் வந்தார். எங்கள் காட்டில் அடிக்கடி மேய்க்கிறவர்தான். எனக்கு உயிர் வந்தது. பெரியவர்களையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம், அப்படியே கூப்பிட்டேன். தொண்டை வறண்டிருந்ததால் குரல் குரலாக வரவில்லை, காற்றாக வந்தது.

"சா... மீ... கதவத் தெறங்க சாமீ..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலில் வெள்ளை முகம், அவிழ்ந்த முடி, வாயோரம் ரத்தம். மீசையை முந்தானை மறைத்திருந்தது. அந்த நேரத்திலும் நான் கலைக்கு விசுவாசமாக இருந்திருக்கிறேன். ஆடுகளை விட்டுவிட்டு, செருப்பை விட்டுவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கமே ஓடினார்.

வீட்டில் நடந்ததை நண்பன் பிற்பாடு சொன்னான். பதற்றத்தில் தாழ்ப்பாளையும் என் துணியையும் மறந்தே போனானாம். அம்மா சொன்ன பலகாரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு நழுவலாம் என்று வந்தவனை, பெண்ணின் அப்பா பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாராம். "நீங்கதான் மாப்பிள்ளையோட சிநேகிதரா? பையன் எப்படி? கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?" என்று தோளில் கை போட்டு விசாரித்தாராம். கெட்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அப்போது வெள்ளைப் புடவையில் இருந்தது. "தங்கமான பையனுங்க. சேலத்துல இருந்து வந்துட்டே இருக்கானுங்க" என்று இவன் சொல்லும்போதுதான் ஆட்டுக்கார அம்மாள் வந்து விழுந்திருக்கிறார்.

"முட்டை ரூம்புல மோகினி நிக்குதுங்க! என்னையச் சாமீ, சாமீன்னு கூப்புடுதுங்க!"

எனக்கு முதலில் கேட்டது ஆள்நடமாட்டம். பிறகு நண்பனின் குரல். அவன் ஊருக்கே கேட்கும்படி பேசிக்கொண்டு வந்தான்.

"அந்த ரூம்புல ஒண்ணுமே இல்லீங்க! பொண்ணு ஊட்டுக்காரங்க நீங்க எல்லாரும் இங்க வந்து நிக்கறப்ப, உள்ள ஆரும் இருந்தாக்கூட சத்தமே போட மாட்டாங்க! பேசாமத்தான் இருப்பாங்க!"

"ஏப்பா, பக்கத்துலதானே நிக்கிறோம், ஏன் இப்படிக் கத்தறீங்க?" என்றது ஒரு பெண் குரல். பெண்ணின் அத்தை.

எனக்குப் புரிந்துவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கத்தினால் கதவு திறக்கும். திறந்தால் கல்யாணம் போகும். பேசாமல் இருந்தால் அவர்கள் போய்விடுவார்கள். நான் குளித்து, சட்டை போட்டு, சேலத்திலிருந்து வந்து இறங்கிவிடலாம். அதுவரைக்கும் வெளியே போகத் தவித்தவன், கதவு திறந்துவிடக் கூடாதே என்று உள்ளிருந்து இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"வாங்க சம்பந்தி, காட்டுப் பக்கம் போலாம். கெணத்துல தண்ணி எப்புடிக் கெடக்குது பாருங்க" என்று அம்மா கூப்பிட்டது. அம்மா முதல் சந்திப்பிலேயே சம்பந்தி என்று கூப்பிட்டுவிடும்.

"இருங்கம்மா. பேய் இருக்குதுன்னு பேச்சு வந்தப்புறம் பாக்காமப் போனா எப்படி? நாளைக்கு எங்க பொண்ணு நடமாடற இடம்" என்றார் பெண்ணின் அப்பா.

"சாவி தொலைஞ்சு போச்சுங்க!" என்றான் நண்பன்.

"பூட்டே இல்லையே தம்பி. தாழ்ப்பாள்தானே?"

கடக்.

அவர் இழுத்தார், நான் இழுத்தேன். "உள்ள ஆரோ புடிச்சிருக்காங்க!" என்று அத்தை அலறியது. வியர்வையில் என் கை வழுக்கியது. கதவு விரியத் திறந்தது. முகத்தில் வெயில் அடித்தது, காற்று அடித்தது. எதிரே பெண்ணின் அப்பா, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அத்தை, பின்னால் அம்மா, கண்ணை மூடிக்கொண்ட நண்பன்.

வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று கேட்காமல் நின்றால் தப்பு. நான் இரண்டு கைகளையும் கூப்பினேன்.

"வாங்க, வாங்க. எல்லாரும் சவுக்கியமுங்களா?"

ஆட்டுக்கார அம்மாள் மறுபடி ஓடினார். கும்பிட்டதில் முந்தானை நழுவியது. அத்தை போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தது. மறுபடி போனைப் பார்த்தது.

"அண்ணா! இது போட்டோவுல பாத்த மீசை! மாப்பிள்ளை!"

அம்மாதான் முதலில் சுதாரித்தது. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கொஞ்சமும் முகம் மாறாமல் கேட்டது:

"சேலத்துல இருந்து எப்பச் சாமி வந்தே?"

நான் பதில் சொல்ல ஓரடி வைத்தேன். கொசுவம் காலில் சிக்கியது. விழப்போனவனைப் பெண்ணின் அப்பா புஜத்தைப் பிடித்து நிறுத்தினார். நல்ல மனுசர். அவர் கையெல்லாம் குங்குமமும் எண்ணெயும். பண்ணைக் குழாயடிக்குப் போய், சோப்பு வாங்கிக் கை கழுவினார். நண்பன் தண்ணீர் மொண்டு ஊற்றினான். நான் பாட்டு, ரசிகர் பக்கம், பழைய படம் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளக்கியதால் விளக்கம் எடுபட்டதாகத் தெரியவில்லை. "இந்தக் காலத்துப் பசங்க என்னென்னமோ பண்றாங்க" என்று மட்டும் சொன்னார். அத்தை சிரிப்பை அடக்க முடியாமல் கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டது.

கிளம்பும்போது, "சரிம்மா, வரோம்" என்றார்.

கார் மண் ரோட்டில் மறைந்ததும் அம்மா திரும்பியது. "வாரோம்னு சொல்லிப்போட்டுத்தான் போறாங்க" என்றது.

"போறவங்க எல்லாருமே அப்படித்தானேம்மா சொல்லுவாங்க?"

"அட, சம்பந்தம் முடிவாகாம ஆருமே கை நனைக்க மாட்டாங்க. பலகாரத்த ஒருத்தரும் தொடல. ஆனா அவுரு நம்ம ஊட்டுல கை நனைச்சுட்டாரு, பாத்தயல்ல?"

கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. மோகினியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது அதில் சேருமா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா அதை நம்பிக்கொண்டிருந்தது. நான் கேலி செய்தேன். ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் அம்மாவுக்கு முன்னால் ஓடியது நான்தான்.

புதுக் கோழிகள் ஏறிய பிறகு ஒரு மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து ஒரு வீடியோ வந்தது. கூடவே சில வரிகள். அந்தப் பெண்தான். சென்னையில் வேலை பார்க்கிறவள். அவளுக்கு அனுப்புவதற்காகத்தான் அத்தை வீடு, கிணறு, பண்ணை என்று எல்லாவற்றையும் படம் பிடித்திருக்கிறது.

"இது உங்களுக்கு உதவும்னு அனுப்பறேன். இவ்வளவு சிரிச்சு ரொம்ப நாள் ஆச்சு. அப்பாவுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ஆனா அந்த ரூமையும் கூண்டுகளையும் பாத்ததுல இருந்து எனக்கு மூச்சு முட்டுது. என்னால அங்க இருக்க முடியாது. தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அந்த அறையில் எனக்கும்தான் மூச்சு முட்டியது. அதை எழுதலாம் என்று தட்டிவிட்டு அழித்தேன். "தேங்க்ஸுங்க" என்று மட்டும் அனுப்பினேன். அம்மாவிடம் சொன்னபோது, கூண்டுகளைத் திரும்பிப் பார்த்தது. "கை நனைச்சாங்களே சாமி" என்றது. முட்டை பொறுக்கப் போனது.

நண்பன் படத்தை வெட்டி ஒட்டி முடித்தான். பனிமூட்டம் பிரமாதம். சுண்ணாம்புத் தூண்கள் பங்களாவை மிஞ்சின. மீசை மட்டும் ஓரிடத்தில் எட்டிப் பார்த்தது. கடைசியில் அத்தை எடுத்த காட்சியை ஓட்டிப் பார்த்துவிட்டு அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"இத வெக்க முடியாது மாப்ள."

"ஏன்? இதவிட நெசமான பேய்க் காட்சி எங்க கெடைக்கும்?"

"உன்ற மூஞ்சியப் பாரு. கதவு தெறக்கறப்ப எல்லாரும் அலறுறாங்க. நீ சிரிக்கற."

திரும்ப ஓட்டினோம். உண்மைதான். பவுடர் வழிந்து, குங்குமம் கழுத்துவரை இறங்கி, வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தேன். கதவை இறுக்கிப் பிடித்தவனும் நானே, திறந்ததும் அப்படிச் சிரித்தவனும் நானே. வரன் பார்க்கக் கொடுத்த போட்டோவுக்காக ஸ்டுடியோக்காரர் எத்தனை முறை சிரிக்கச் சொன்னார்! அன்றைக்கு இந்தச் சிரிப்பு வரவில்லை.

"இருக்கட்டும், வையி" என்றேன். அத்தையும் மற்றவர்களும் தெரியாதபடி வெட்டி, என்னை மட்டும் வைத்து அனுப்பினோம். ரசிகர் பக்கத்தில் போட்டார்கள். "பேயைப் பார்த்தால் பயமே வரவில்லை, உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுக்கலாம் போலிருக்கிறது" என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஆரு அந்தப் புள்ள? எந்த ஊராம்?" என்று கேட்டது.

நண்பன் வண்டியை எடுத்தான். "சரி மாப்ள, வாரேன்."

"வாரயா, போறயான்னு சொல்லிப்போட்டுப் போடா" என்றேன்.